ஊர் சாப்பிடும் நேரம்: வழிச் சாப்பாடு பற்றி வாசகர் கேள்வி பதில்

கோடை விடுமுறை தொடங்குவதால், சொந்த ஊருக்குக் கிளம்பும் சென்னை வாசகர்கள் பலர், வழியில் எங்கே, எப்படிச் சாப்பிடுவது என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். அவற்றில் சில கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஆண்டுக்கு இரண்டு முறையாவது திருநெல்வேலிக்குக் காரில் போகிறோம். ஒவ்வொரு முறையும் நெடுஞ்சாலையோரத்துப் பெரிய உணவகங்களில் ஒரே மாதிரியான தோசையைத்தான் சாப்பிடுகிறோம். சிறிய ஊர்களில் நல்ல கடைகள் இருப்பதாகச் சொல்கிறார்கள். முன்பின் தெரியாத ஊரில் அதை எப்படிக் கண்டுபிடிப்பது?
— வாசகி, குரோம்பேட்டை

பதில்: நான்கு வழிச்சாலை வருவதற்கு முன்னால், சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகிறவர் மதுராந்தகம், திண்டிவனம், விழுப்புரம் ஆகிய ஊர்களின் கடைத்தெருக்களைக் கடந்துதான் போக வேண்டியிருந்தது. பசித்தால் கண்ணில் பட்ட கடையில் வண்டியை நிறுத்தி, உள்ளூர்க்காரர்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். இப்போது பைபாஸ் நம்மை ஊருக்கு வெளியிலேயே சுற்றி அனுப்பிவிடுகிறது. ஊரும் இருக்கிறது, கடையும் இருக்கிறது. நாம்தான் அந்தப் பக்கம் போவதில்லை. ஆகவே முதலில் செய்ய வேண்டியது பைபாஸை விட்டு இறங்கி ஊருக்குள் போவதுதான். பெரும்பாலான ஊர்களில் இதற்குக் கால் மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகச் செலவாகாது.

அடுத்தது நேரம். என் அனுபவத்தில் மற்ற எல்லாவற்றையும்விட இதுவே முக்கியம். நெடுஞ்சாலை உணவகத்தில் எந்த நேரத்திலும் எதுவும் கிடைக்கும்; சிறிய ஊரின் மெஸ்ஸில் அப்படிக் கிடைக்காது. அங்கே தினமும் வருகிறவர்கள் எத்தனை பேர் என்று கணக்குத் தெரிந்து, அந்த அளவுக்குத்தான் உலை வைக்கிறார்கள். பன்னிரண்டு மணிக்குச் சோறு வடித்து இறக்கினால், இரண்டேகால் மணிக்குள் குழம்புச் சட்டி காலியாகிவிடும். மூன்று மணிக்குக் காரில் போய் இறங்கி, ஆறிப்போன சோற்றையும் அடிக்குழம்பையும் சாப்பிட்டுவிட்டு, இந்த ஊரில் சாப்பாடு சரியில்லை என்று முடிவு கட்டினால் அது அந்தக் கடைக்குச் செய்யும் அநியாயம். ஊர் சாப்பிடும் நேரத்தில் நாமும் சாப்பிட வேண்டும்.

இடத்தைப் பொறுத்தவரை, தினமும் வெளியில் சாப்பிட்டே ஆக வேண்டியவர்கள் எங்கே கூடுகிறார்களோ அங்கே போய்ப் பாருங்கள். நீதிமன்றம், சார்பதிவாளர் அலுவலகம், தாலுகா ஆபீஸ், வாரச்சந்தை, பேருந்து நிலையத்தின் பின்புறத் தெரு, கடலோர ஊரானால் மீன் ஏலம் விடும் இடம் ஆகியவற்றைச் சுற்றித்தான் நல்ல கடைகள் இருக்கும். இதற்குக் காரணம் எளிது. நெடுஞ்சாலைக் கடைக்கு ஒருமுறை வந்தவர் மறுநாள் வந்து குறை சொல்லப் போவதில்லை. நீதிமன்றத்துக்கு எதிரிலுள்ள மெஸ்ஸிலோ, ரசத்தில் புளி கூடிவிட்டால் மறுநாள் மதியமே வக்கீல் குமாஸ்தா கேட்டுவிடுவார். அந்த வாரமும் சரியாகவில்லை என்றால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்.

கேட்கும் கேள்வியிலும் கவனம் வேண்டும். பெட்ரோல் பங்கிலோ டீக்கடையிலோ, “இங்கே நல்ல ஹோட்டல் எது?” என்று கேட்டால், காரில் வந்தவருக்கு ஏற்றது என்று அவர் நினைக்கும் ஏ.சி. ஹோட்டலைத்தான் காட்டுவார், அது அவர் உங்களுக்குத் தரும் மரியாதை. “நீங்க மத்தியானம் எங்கண்ணா சாப்பிடுவீங்க?” என்று கேட்டுப் பாருங்கள். ஒரு நொடி உங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஏதோ ஒரு சந்தின் பெயரைச் சொல்வார். ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத இரண்டு பேர் அதே சந்தைச் சொன்னால் தயங்காமல் போகலாம். கடையின் பலகையில் தந்தூரியும் நூடுல்ஸும் பொங்கலும் ஒன்றாக எழுதியிருந்தால் நான் தாண்டிப் போய்விடுவேன். கரும்பலகையில் சாக்பீஸால் ‘இன்று விரால் குழம்பு’ என்று மட்டும் எழுதியிருந்தால் இறங்கிவிடுவேன்.

உங்கள் பயணத்துக்கு இதைப் பொருத்திச் சொல்கிறேன். அதிகாலை ஐந்து மணிக்குக் குரோம்பேட்டையை விட்டால், எட்டு மணிவாக்கில் விழுப்புரம் ஊருக்குள் டிபன் சாப்பிடலாம். மேலூரிலோ மதுரையிலோ ஒரு மணிக்குள் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டால், விளக்கு வைக்கும் நேரத்துக்கு நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே அல்வாவுக்காக வரிசையில் நிற்கலாம்.

கேள்வி: வேலை காரணமாக மாதம் ஒருமுறை பெங்களூருக்குப் போகிறேன். சென்னையில் தெருவுக்குத் தெரு ‘ஆம்பூர் பிரியாணி’ என்று பலகை தொங்குகிறது. ஆம்பூரிலேயே இறங்கிச் சாப்பிடுவதில் அப்படி என்ன வேறுபாடு?
— வாசகர், அம்பத்தூர்

பதில்: ஆற்காட்டு நவாபுகளின் சமையற்காரர்கள் வழியாக வந்தது என்று ஆம்பூர்க்காரர்கள் சொல்லும் பிரியாணி இது. சீரகச் சம்பா அரிசி, ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய், அளவான மசாலா, நன்றாக வெந்த கறி, இவ்வளவுதான் அதன் அடிப்படை. அரிசியைத் தனியே முக்கால் வேக்காடு வேகவைத்து, வடித்து, கறியோடு சேர்த்து மூடி, மூடியின் மேல் தணலைப் போட்டுத் தம் கட்டுகிறார்கள். மசாலாவின் ஆதிக்கம் இல்லாததால், கறியின் சாறு சோற்றில் ஏறியிருப்பது நாக்குக்குத் தெரிகிறது. பக்கத்தில் வைக்கும் புளிப்பான கத்தரிக்காயையும் வெங்காயத் தயிர்ப் பச்சடியையும் ஒதுக்கிவிடாதீர்கள். காரமும் எண்ணெய்ப்பசையும் உள்ள சோற்றுக்கு அந்தப் புளிப்பு ஈடு கொடுப்பதால்தான் இரண்டாவது கைப்பிடியும் முதல் கைப்பிடியைப் போலவே ருசிக்கிறது.

ஆம்பூரும் வாணியம்பாடியும் தோல் பதனிடும் தொழிலாலும் காலணித் தொழிற்சாலைகளாலும் வாழும் ஊர்கள். அங்கே வேலை செய்பவர்களின் பசிக்காக அண்டாக்கள் முற்பகலிலேயே திறக்கப்படுகின்றன. தம் உடைத்தவுடன் சாப்பிடும் பிரியாணிக்கும் மாலை நான்கு மணிக்கு அண்டாவின் அடியிலிருந்து வழித்துப் போடும் பிரியாணிக்கும் பெயரைத் தவிர வேறு ஒற்றுமை கிடையாது. காலை எட்டு மணிக்குள் அம்பத்தூரை விட்டால் சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆட்டுக்கறி, கோழி, மாட்டுக்கறி மூன்றிலும் பிரியாணி செய்யும் ஊர் என்பதால், எது வேண்டும் என்பதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். வழியில் ஆற்காட்டுக்குள் சென்று மக்கன் பேடா வாங்கிக்கொள்ளவும் மறக்க வேண்டாம். பார்வைக்குக் குலாப் ஜாமூன் போலத் தெரிந்தாலும், உள்ளே முந்திரி, பாதாம் போன்ற பருப்புகளைப் பொதித்திருப்பார்கள்.

கேள்வி: நாங்கள் சைவம். வயதான மாமனார், மாமியாருடன் காஞ்சிபுரம், சிதம்பரம், கும்பகோணம் பக்கம் கோயில்களுக்குப் போகிறோம். பிரியாணி, பரோட்டா பற்றியே எல்லோரும் எழுதுகிறார்கள். எங்களுக்கு ஏதாவது சொல்லுங்கள்.
— வாசகி, மயிலாப்பூர்

பதில்: உங்கள் ஆதங்கம் நியாயமானது. சைவ உணவில் ஊருக்கு ஊர் இருக்கும் வேறுபாடு அசைவத்தில் இருப்பதைவிடக் குறைந்ததல்ல. அதைத் தேடி எழுதுகிறவர்கள்தான் குறைவு.

காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாள் கோயிலின் குடலை இட்லியிலிருந்து தொடங்குங்கள். கரகரப்பாக அரைத்த மாவில் மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் சேர்த்து, மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் ஊற்றி நெடுநேரம் வேகவைக்கிறார்கள். வெட்டிக் கொடுக்கும் துண்டில் இலையின் வாசனையும் சுக்கின் மெல்லிய காரமும் சேர்ந்தே வரும். அதற்குச் சட்னியோ சாம்பாரோ தேவைப்படாது. எளிதில் செரிக்கும் என்பதால் பெரியவர்களுக்கும் நல்லது. கோயில் நடை பகலில் சாத்தப்படுவதால் காலையிலேயே போய்விடுங்கள்.

சிதம்பரத்தில் கொத்சு கேட்டு வாங்குங்கள். கத்தரிக்காயும் புளியும் வறுத்து அரைத்த மல்லியும் சேரும் அந்தக் கொத்சு, மிளகும் சீரகமும் போட்ட சம்பா சாதத்துக்கும் இட்லிக்கும் பொருந்தும். மற்ற ஊர்களில் இட்லிக்குச் சாம்பார் இல்லையென்றால் குறையாகத் தெரியும். சிதம்பரத்தில் கொத்சு இருந்தால் சாம்பாரின் நினைவே வராது.

காப்பியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நெடுஞ்சாலை நெடுக ‘கும்பகோணம் டிகிரி காபி’ என்ற பலகைகளைப் பார்ப்பீர்கள். பித்தளை டபராவும் டம்ளரும் மட்டும் அதைக் கும்பகோணம் காப்பியாக்கிவிடாது. தண்ணீர் கலக்காத பசும்பால், அன்றன்று வறுத்து அரைத்த காப்பிக்கொட்டை, முதல் டிகாக்‌ஷன் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் அந்தச் சுவை வரும். பாலின் தரத்தைப் பால்மானியால் அளந்து வாங்கியதால்தான் ‘டிகிரி’ என்ற பெயர் வந்தது என்று ஒரு விளக்கமும் உண்டு. ஆகவே வழியில் எங்கே குடித்தாலும், “புது டிகாக்‌ஷன் எப்போது இறங்கும்?” என்று கேளுங்கள், ஐந்து நிமிடம் காத்திருக்கச் சொன்னால் காத்திருங்கள்.

கேள்வி: கைப்பேசியில் காட்டும் நட்சத்திர மதிப்பீடுகளை நம்பலாமா?
— வாசகர், வேளச்சேரி

பதில்: எண்ணை நம்பாதீர்கள், படங்களைப் பாருங்கள். சாப்பிட்டவர்கள் எடுத்த படங்களில் இலையில் என்ன இருக்கிறது, பக்கத்து இருக்கையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், விலைப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்பதைக் கவனித்தால், அந்தக் கடை யாருக்காக நடக்கிறது என்பது தெரிந்துவிடும். சிறிய மெஸ்களின் இடமும் திறக்கும் நேரமும் பல சமயம் தவறாகக் குறிக்கப்பட்டிருக்கின்றன. தொலைபேசி எண் இருந்தால் காலையிலேயே கூப்பிட்டு, எத்தனை பேர் வருகிறீர்கள் என்று சொல்லிவிடுவது நல்லது; உங்களுக்கும் சேர்த்து அரிசி போடுவார்கள்.

கேள்வி: என்னிடம் கார் இல்லை, ஊருக்குப் பேருந்தில்தான் போகிறேன். நள்ளிரவில் ஏதோ ஒரு மோட்டலில் நிறுத்துகிறார்கள். விலை இரு மடங்கு, சாப்பாடு வாயில் வைக்க முடியவில்லை. எங்களைப் போன்றவர்களுக்கு நல்ல சாப்பாடு கிடையாதா?
— வாசகர், வியாசர்பாடி

பதில்: இந்தக் கேள்வியைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது, ஏனென்றால் நானும் அப்படிப்பட்ட இடத்தில் நின்று சாப்பிட்டிருக்கிறேன். பயணிக்கு வேறு வழியில்லை என்று தெரிந்த இடத்தில், சமைப்பவருக்கு அக்கறை வருவதற்கான காரணமே இல்லாமல் போய்விடுகிறது. தூரம் அதிகமில்லை என்றால் பகல் பேருந்தில் பயணத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து விழுப்புரம், அங்கிருந்து திருச்சி என்று மாறிப் போனால், ஒவ்வொரு பேருந்து நிலையத்திலும் வெளியே வந்து ஒரு தெரு நடந்து நிம்மதியாகச் சாப்பிடலாம். உண்மையில் இந்த விஷயத்தில் கார்க்காரர்களைவிட உங்களுக்கு வசதி அதிகம், ஏனென்றால் பல ஊர்களில் பேருந்து உங்களை ஊரின் நடுவிலேயே இறக்கிவிடுகிறது. இரவுப் பயணம்தான் முடியும் என்றால், புளியோதரையோ மிளகாய்ப்பொடி தடவிய இட்லியோ வாழை இலையில் கட்டிக்கொண்டு போங்கள்; இறங்கியதும் காலையில் பேருந்து நிலையத்துக்கு அருகிலுள்ள இட்லிக் கடையில் முதல் ஈடு எடுக்கும்போது சாப்பிடுங்கள்.

கேள்வி: தெற்கே பரோட்டாவுக்காகவே ஒரு பயணம் போக நண்பர்கள் நால்வர் முடிவு செய்திருக்கிறோம். எங்கெல்லாம் போகலாம்?
— வாசகர், இராயபுரம்

பதில்: விருதுநகரும் செங்கோட்டையும் போதும். இரண்டு ஊர்களையும் அவசரமில்லாமல் பாருங்கள்.

விருதுநகர் வியாபாரிகளின் ஊர். மிளகாய், மல்லி, பருப்பு, எண்ணெய் ஆகியவற்றின் விலை அங்கே பேசி முடிவாவதைச் செய்தித்தாள்களின் சந்தை நிலவரத்தில் பார்த்திருப்பீர்கள். பகலெல்லாம் கடையில் உட்கார்ந்தவர்கள் மாலையில் சாப்பிட வரும் நேரத்தில்தான் அங்கே பரோட்டாவுக்குக் களை கட்டும். பர்மா கடை முதலிய பெயர்பெற்ற கடைகளைத் தவிர, பெயர் தெரியாத கடைகளிலும் அதே கைவேலையைப் பார்க்கலாம். கல்லாவை ஒட்டி உட்காராமல் மாஸ்டருக்குப் பக்கத்தில் இடம் பிடியுங்கள். எண்ணெயில் ஊறிய மைதா உருண்டையை அவர் தட்டி, வீசி, கண்ணாடி போல மெல்லியதாக விரித்து, கொசுவி, சுருட்டி வைக்கிறார். மற்ற ஊர்களில் அதைக் காய்ந்த கல்லில் சுடுவார்கள்; இங்கே விளிம்பு உயர்ந்த தட்டையான கல்லில் எண்ணெய் நிறைந்திருக்க, அதில் மிதக்கவிட்டுப் பொரிக்கிறார்கள். ஓரம் பொன்னிறமானதும் எடுத்து எண்ணெய் வடித்து இலையில் போடும்போது, விரல் பட்டாலே நொறுங்குகிறது. அதைப் பிய்த்து சால்னாவை ஊற்றிய பிறகு உடனே வாயில் வைக்காமல் கொஞ்சம் பொறுங்கள். நடுப்பகுதி சால்னாவைக் குடித்துப் பஞ்சாகியிருக்கும். ஓரம் மட்டும் இன்னும் மொறுமொறுப்பாக இருக்கும். அந்த இரண்டும் ஒரே வாயில் சேரும் நேரம் மிகக் குறைவு. பேசிக்கொண்டே இருந்தால் அது போய்விடும்.

செங்கோட்டைப் பக்கத்துப் பரோட்டா வேறு வகை. தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் இடையே பிரானூரில் இருக்கும் அந்த இடத்தை ஊரார் இன்றும் ‘பார்டர்’ என்றே சொல்கிறார்கள். கேரள எல்லை இப்போது புளியரைப் பக்கம் இருக்கிறதே, இங்கே எந்த பார்டர் என்று நீங்கள் கேட்கலாம். செங்கோட்டை, திருவிதாங்கூரோடு இருந்த பகுதி; 1956 நவம்பர் 1 அன்றுதான் நம் மாநிலத்தோடு சேர்ந்தது. அதுவரை எல்லை இங்கே இருந்தது. எல்லைக்கோடு போன பிறகும் பெயர் தங்கிவிட்டது. அந்தப் பெயரைக் கடைகள் தங்கள் பலகைகளில் காப்பாற்றி வைத்திருக்கின்றன. இங்கே பரோட்டா மென்மையாக இருக்கும். வாழை இலையில் பிய்த்துப் போட்டு, நாட்டுக்கோழிக் குழம்பை அதன் மேல் ஊற்றிப் பிசைந்து சாப்பிடுகிறார்கள். தொட்டுக்கொள்ள மிளகு தூக்கலாகப் போட்ட கோழி வறுவல். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலத்தில் சாரல் விழும் காலத்தில், குளித்த ஈரம் காயாத தலையோடு வந்து உட்காருகிறவர்களால் கடை நிரம்பியிருக்கும். கூட்டம் பிடிக்காது என்றால் வார நாளில் போங்கள். ஆனால் சாரல் இல்லாத நாளில் போனால் பாதி ருசிதான் கிடைக்கும் என்பது என் கருத்து.

கேள்வி: திரும்பி வரும்போது வீட்டுக்கு என்ன வாங்கி வரலாம்?
— வாசகி, அண்ணா நகர்

பதில்: ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019ஆம் ஆண்டிலும், கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020ஆம் ஆண்டிலும், மணப்பாறை முறுக்குக்கு 2023ஆம் ஆண்டிலும் புவிசார் குறியீடு கிடைத்தது. திருச்சியிலிருந்து திண்டுக்கல் போகும் சாலையில் இருக்கும் மணப்பாறையில் முறுக்கை இருமுறை எண்ணெயில் போட்டு எடுக்கிறார்கள். சாத்தூர் காராச்சேவும் தூத்துக்குடி மக்ரூனும் என் பட்டியலில் எப்போதும் உண்டு. முட்டை சாப்பிடாதவர்கள் கவனிக்கவும்: மக்ரூன் முந்திரி, சர்க்கரையோடு முட்டையின் வெள்ளைக்கரு சேர்த்துச் செய்வது.

கேள்வி: சிறு குழந்தைகளோடு போகிறோம். சிறிய கடைகளில் சுத்தம் எப்படி இருக்குமோ என்று பயமாக இருக்கிறது.
— வாசகி, பல்லாவரம்

பதில்: கடை சிறியதா பெரியதா என்பதைவிட, சமைத்தது எவ்வளவு வேகமாகத் தீர்கிறது என்பதுதான் முக்கியம். கண்ணெதிரே ஈடு இறங்கும் இட்லி, கல்லிலிருந்து நேராக இலைக்கு வரும் தோசை, ஆவி பறக்கும் சோறு ஆகியவற்றில் ஆபத்து குறைவு. வெயில் காலத்தில் முற்பகலுக்குப் பிறகு தேங்காய்ச் சட்னியைக் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள்; குடிக்கக் கொதித்து ஆறிய நீரை வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். கை கழுவும் இடத்தில் தண்ணீரும் சோப்பும் இருக்கின்றனவா, உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்கப் பதிவு எண் சுவரில் தெரிகிறதா என்று பாருங்கள். பார்சல் வாங்குவதானால் எவர்சில்வர் தூக்கோ டிபன் கேரியரோ கையில் இருக்கட்டும். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருந்தும், கொதிக்கும் சாம்பாரைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுக்கும் பழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

கேள்வி: கல்லூரி மாணவர்கள் நாங்கள். பைக்கில் காலையில் போய் மாலையில் திரும்ப வேண்டும், செலவும் குறைவாக இருக்க வேண்டும்.
— மாணவர், கொருக்குப்பேட்டை

பதில்: பழவேற்காடு போங்கள். பொன்னேரி வழியாக ஏறத்தாழ 60 கிலோமீட்டர். இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய ஏரி அங்கே இருக்கிறது. காலையில் படகுகள் கரைக்கு வரும் நேரத்தில் போய்விட்டால், அன்று என்ன மீன் பட்டிருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டே மதியம் என்ன சாப்பிடுவது என்று முடிவு செய்யலாம். நண்டும் இறாலும் கிடைக்கும் நாளில், வீட்டுத் திண்ணையளவே இருக்கும் கடைகளில் பெண்கள் ஆக்கித் தரும் குழம்பு எந்தப் பெரிய கடையிலும் கிடைக்காது. எடையையும் விலையையும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். குழம்பு கொதிக்கும் வரை, செதுக்கு வேலைப்பாடுள்ள கல்லறைகளோடு இருக்கும் டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துவிட்டு வரலாம்.

கேள்வி: இப்படி ஊர் ஊராகப் போய்ச் சாப்பாட்டைப் பற்றி எழுதுவது இந்தக் காலத்துப் பழக்கம்தானே? முன்னோர் கட்டுச்சோற்றோடுதானே போனார்கள்?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், தாம்பரம்

பதில்: கட்டுச்சோறும் உண்டு, சத்திரமும் உண்டு. ஆனால் வழியில் எந்த ஊரில் என்ன சாப்பிடலாம் என்று எழுதுவது தமிழில் மிகப் பழைய வழக்கம். பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படையில், ஓய்மா நாட்டு நல்லியக்கோடனிடம் பரிசு பெறப் போகும் பாணனுக்கு நல்லூர் நத்தத்தனார் வழி சொல்லும்போது, உணவையும் சேர்த்தே சொல்கிறார். கடலோர எயிற்பட்டினத்தில் பரதவர் குடியிருப்பில் சுட்ட குழல் மீன், வேலூரில் (இன்றைய வேலூர் நகரம் அல்ல) எயிற்றியர் என்ற வேட்டுவப் பெண்கள் ஆக்கிய சூடான புளிச்சோறும் ஆமான் என்ற காட்டுப் பசுவின் இறைச்சியும், வயல் சூழ்ந்த ஆமூரில் வெண்சோற்றோடு நண்டு. எயிற்பட்டினத்தை இன்றைய மரக்காணம் என்றும், ஓய்மா நாட்டைத் திண்டிவனத்தைச் சுற்றிய பகுதி என்றும் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். தாங்கள் தாம்பரத்திலிருந்து தெற்கே இரண்டு மணி நேரம் போனால் அந்த நிலத்துக்குள்தான் நுழைவீர்கள். நெய்தலில் மீன், காட்டில் இறைச்சி, வயலில் நண்டு என்று அவர் பிரித்துச் சொன்னது இன்றும் செல்லும்; ஒரு மண்ணில் எது கிடைக்கிறதோ அதைத்தான் அங்கே நன்றாகச் சமைப்பார்கள்.

கேள்வி: உளுந்தூர்பேட்டைப் பக்கம் ஒரு மெஸ்ஸைப் பற்றிச் சென்ற மாதம் எழுதினீர்கள், பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் நாங்களும் போவோமே?
— வாசகர், மேற்கு மாம்பலம்

பதில்: அந்தக் கடையை நடத்தும் அம்மா, எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால்தான் சொல்லவில்லை. ஏன் அப்படிக் கேட்டார் என்பது, அங்கே எனக்கு நடந்ததைச் சொன்னால் உங்களுக்குப் புரியும்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், நான்கு பெஞ்சு போட்ட ஓட்டு வீடு அது. நான் முதல்முறை போனபோது மணி இரண்டேகால் இருக்கும். உள்ளே யாரும் இல்லை. அடுப்படியில் ஒரு சட்டியில் குழம்பும் மூடி வைத்த சோறும் இருந்தன. இலை போடச் சொன்னேன். “இல்ல சார், அது ரெண்டு பேருக்கு எடுத்து வச்சிருக்கேன். ஒருத்தர் கண்டக்டர், இன்னொருத்தங்க ஸ்கூல் டீச்சர். அவங்க வந்து சோறு இல்லேன்னா பட்டினியாப் போயிடுவாங்க. நாளைக்குப் பன்னெண்டரைக்கெல்லாம் வாங்க” என்றார். கையில் இருக்கும் காசைக் கொண்டு அந்தச் சோற்றை வாங்க முடியாது என்பது எனக்கு உடனே புரிந்தது. ஒரு நாளைக்கு நாற்பது இலை என்று கணக்கு வைத்துச் சமைக்கும் வீட்டில், சென்னையிலிருந்து நான்கு கார்கள் போய் நின்றால், அந்தக் கண்டக்டரும் டீச்சரும் எங்கே போவார்கள்?

பெரம்பலூரில் வேலையை முடித்துக்கொண்டு மறுநாள் அதே வழியில் திரும்பினேன். பன்னிரண்டரைக்கு எனக்கு இலை போட்டார். மொச்சையும் கத்தரிக்காயும் நெத்திலிக் கருவாடும் சேர்த்த குழம்பு. மண்சட்டியில் முதல் நாளே வைத்து, மறுநாள் காலை மீண்டும் சூடாக்கியது என்று சொன்னார். மொச்சை முழுதாக இருந்தது. ஆனால் நசுக்கினால் தோலை விட்டு வெண்ணெயாகக் கழன்று வந்தது. கருவாட்டின் உப்பு குழம்பில் கரைந்துவிட்டிருந்ததால் தனியாக உறுத்தவில்லை. சோற்றை இரண்டாம் முறை கேட்டபோது, கேட்காமலே ரசத்தையும் கொண்டுவந்து வைத்தார். நான் கை கழுவிக்கொண்டிருந்தபோது கண்டக்டர் தோல் பையோடு உள்ளே வந்து, ஒன்றும் சொல்லாமல் மூலை பெஞ்சில் உட்கார்ந்தார். அந்த அம்மாவும் ஒன்றும் கேட்காமல் அவருக்கு இலையை விரித்துத் தண்ணீர் தெளித்தார்.